12 இன்ச் டபுள் காயிலும் 10 இன்ச் சிங்கிள் காயிலும் ஒரே ஆம்பில்: எப்படிக் கோர்ப்பது?

பேஸ்பித்தன்:

வணக்கம் நண்பர்களே. சின்ன ஹேட்ச்பேக் வண்டி. டிக்கியில் இப்போது ஓடுவது ஒரு 12 இன்ச் சப்ஊஃபர் (பேஸ் மட்டும் தரும் ஸ்பீக்கர், சுருக்கமாக சப்). டபுள் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் செம்புச் சுருள் இரண்டு), 4 ஓம் + 4 ஓம், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு) 400 வாட். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பாக்ஸ், 35 ஹெர்ட்ஸ் ட்யூனிங் (போர்ட் துணை கொடுக்கும் இடம்). ஆம்ப் ஒரு கிளாஸ்-டி மோனோபிளாக் (ஒரே சேனல் ஆம்ப்): 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட். 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று மேனுவலிலேயே போட்டிருக்கிறது. இரண்டு காயிலையும் பேரலல் செய்து 2 ஓமில் மாட்டியிருக்கிறேன்.

இப்போது கையில் ஒரு 10 இன்ச் சப் இருக்கிறது. வேறு கம்பெனி. சிங்கிள் காயில், 4 ஓம், ஆர்எம்எஸ் 250 வாட், அடைத்த பாக்ஸ். இதையும் சேர்த்துவிட ஆசை. ஆம்பில் ஸ்பீக்கர் டெர்மினல் இரண்டு ஜோடி இருக்கிறது. ஒன்றில் 12, மற்றதில் 10 என்று மாட்டினால் இரண்டும் தனித்தனியாக ஓடாதா? அது சரிவராது என்றால் சீரிஸில் போடலாமா? இல்லை, 12 இன்ச்சில் ஒரு காயிலை மட்டும் எடுத்து 10-உடன் பேரலல் செய்தால் கணக்காக 2 ஓம் வருகிறதே, அது எப்படி?

---

டிக்கிக்கச்சேரி:

ப்ரோ, மோனோபிளாக்ல அந்த ரெண்டு ஜோடி டெர்மினலும் உள்ளே ஒண்ணுதான். வயர் சொருக வசதிக்காக ரெண்டா வச்சிருக்காங்க, அவ்வளவுதான். மீட்டரை பஸ்ஸர்ல வச்சு ரெண்டு ப்ளஸ்ஸையும் தொட்டுப் பாருங்க, கத்தும். அதனால நீங்க சொல்ற மாதிரி மாட்டினா 2 ஓமும் 4 ஓமும் பேரலல், 1.33 ஓம்.

ஆனா பயப்படாதீங்க. அது பேப்பர்ல இருக்குற ஓம். பாக்ஸுக்குள்ள போனதும் இம்பீடன்ஸ் (ஓடும்போது சப் காட்டுற ஓம்) ஏறிடும், 3 ஓம் 4 ஓம்னு ஆம்புக்குத் தெரியும். கெயினை (ஆம்ப் சிக்னலைப் பெருக்குற அளவு) கொஞ்சம் குறைச்சு வச்சு ஓட்டுங்க. ப்ரொடெக்ட் லைட் எரிஞ்சா நிறுத்திக்கலாம்.

---

ஓம்கணக்கு:

டெர்மினல் விஷயம் சரி. மீதி வேண்டாம்.

இம்பீடன்ஸ் ஏறுவது உண்மைதான், ஆனால் எல்லா இடத்திலும் ஏறுவதில்லை. அடைத்த பாக்ஸில் அதன் ரெசனன்ஸ் (கோன் இயல்பாக ஆடும் ஹெர்ட்ஸ்) இருக்கும் இடத்தில் ஒரு மலை. அதைத் தாண்டி மேலே போனால் மறுபடி பள்ளம். போர்ட் பாக்ஸில் இரண்டு மலை, நடுவே பள்ளம். அந்தப் பள்ளம் விழும் இடம் பாக்ஸின் ட்யூனிங், உங்களுக்கு 35 ஹெர்ட்ஸ். பள்ளத்தின் அடியில் இம்பீடன்ஸ் காயிலின் வெறும் ரெசிஸ்டன்ஸை ஒட்டி வந்துவிடும். அதுவும் பெயர்ப்பலகையில் உள்ள ஓமை விடக் குறைவு. 4 ஓம் என்று எழுதிய காயிலை மீட்டரில் பாருங்கள், 3.5 பக்கம்தான் காட்டும். 12-இன் இரண்டு காயிலும் பேரலலில் 1.7, 10-உம் தன் பள்ளத்தில் இருக்கும் இடத்தில் அதோடு 3.5 பேரலல், 1.14 ஓம் வரை இறங்கும். ஆம்ப் எப்போதாவது பார்க்கும் ஓரக்கணக்கு இல்லை இது. 10 மலையில் இருக்கும் இடத்திலும் 12-இன் பள்ளம் மொத்தத்தை 2 ஓமுக்குக் கீழேயே வைத்திருக்கும், பாட்டில் பேஸ் அதிகம் உட்காரும் இடமும் அதுதான்.

2 ஓமில் முழு வீச்சில் இந்த ஆம்ப் கொடுப்பது 31.6 வோல்ட், 15.8 ஆம்பியர். அதே வோல்ட்டை 1.33-இல் கொடுக்கப் போனால் கிட்டத்தட்ட 24 ஆம்பியர். அவுட்புட் மாஸ்ஃபெட்டும் (மின்னோட்டத்தைத் தரும் டிரான்சிஸ்டர்) பவர் சப்ளையும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. ப்ரொடெக்ட் லைட்டை நம்பி இதில் இறங்குவது, ஃபியூஸ் இருக்கிறதே என்று கம்பியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. பத்து முறை காப்பாற்றும் சர்க்யூட் பதினோராவது முறை வெயிலில் நின்ற டிக்கிக்குள் காப்பாற்றாது. கெயினைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்பதும் பாதி உண்மை. வால்யூமை ஏற்றியவுடன் அந்த மின்னோட்டம் திரும்ப வந்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்டவை ஒவ்வொன்றாக. ஓமை மட்டும் பார்க்காதீர்கள், வாட் யாருக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பேரலலில் வோல்ட் இருவருக்கும் ஒன்று, அதனால் ஓம் குறைந்தவர் அதிகம் சாப்பிடுவார். சீரிஸில் ஆம்பியர் இருவருக்கும் ஒன்று, அதனால் ஓம் கூடியவர் அதிகம் சாப்பிடுவார்.

12-இன் இரண்டு காயிலையும் சீரிஸ் செய்து 8 ஓம் ஆக்கி, 10-உடன் பேரலல்: 2.67 ஓம். ஆம்புக்குப் பாதுகாப்பு. ஆனால் 10-க்கு 265 வாட், 12-க்கு 130 வாட். 250 தாங்கும் சின்னதற்கு அளவு மீறி, 400 தாங்கும் பெரியதற்குப் பட்டினி. இணையத்தில் பலர் சொல்லும் "சரியான" வழி இதுதான், ஓம் மட்டும்தான் சரி.

12 பேரலல் 2 ஓம், அதோடு 10 சீரிஸ்: 6 ஓம். மொத்தமே 200 வாட் சொச்சம். அதிலும் 10-க்கு 136, 12-க்கு 68. இன்று 12 மட்டும் தனியாக 400 வாட் வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாமே சீரிஸ்: 12 ஓம். மொத்தம் 100 வாட். ஹெட் யூனிட்டிலேயே ஓட்டிவிடலாம் போல.

சீரிஸில் இன்னொரு தொல்லை. மேலே சொன்ன மலை, பள்ளம் இரண்டு சப்பிலும் வெவ்வேறு ஹெர்ட்ஸில் இருக்கும். 10 தன் ரெசனன்ஸில் 25, 30 ஓம் ஆகி நிற்கும்போது வோல்ட் முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும், 12 ஊமையாகும். அடுத்த ஸ்வரத்தில் கதை மாறும். மேலே கொடுத்த வாட் பங்கு சராசரிக் கணக்குதான். பேஸ் லைன் ஏறி இறங்கும்போது பங்கும் ஆடிக்கொண்டே இருக்கும். அதோடு ஒவ்வொரு சப்பும் மற்றதன் காயில் வழியாகத்தான் ஆம்பைப் பார்க்கிறது. கோனைப் பிடித்து நிறுத்தும் டேம்பிங் போய்விடும், கிக் டிரம் "டப்" என்று நிற்காமல் "டும்ம்" என்று இழுக்கும். ஒரே மாடல் சப் இரண்டு, ஒரே அளவு பாக்ஸ் என்றால் சீரிஸில் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டும் ஒரே மாதிரி ஏறி இறங்குவதால் பங்கு மாறாது.

ஒரே காயில் யோசனை: ஓம் 2, ஆளுக்கு 250 வாட். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 12-இன் 400 வாட் என்பது இரண்டு காயிலும் சேர்ந்து. ஒன்றுக்கு 200. அதில் 250 போடுகிறீர்கள். இரண்டாவது, பாதி செம்பு சும்மா இருப்பதால் மோட்டாரின் பிடி பாதியாகிறது. இரண்டு காயிலுக்காக அளந்து செய்த போர்ட் பாக்ஸ் இனி பொருந்தாது, ட்யூனிங்கை ஒட்டிய பேஸ் மட்டும் உப்பிக்கொண்டு கேட்கும். யாராவது "சும்மா கிடக்கும் காயிலை ஷார்ட் செய்து வை" என்று சொன்னால் செய்ய வேண்டாம். ஷார்ட் செய்த காயில் பிரேக் மாதிரி கோனை இழுத்துப் பிடிக்கும்.

ரெசிஸ்டர் போட்டு 1.33-ஐ 2 ஆக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். 0.67 ஓம் சீரிஸ். 500 வாட்டில் மூன்றில் ஒரு பங்கு, 167 வாட், அந்த ரெசிஸ்டரிலேயே சூடாகப் போகும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஆறேழை டிக்கி கார்பெட் மேல் எரியவிட்ட மாதிரி.

ஆக இரண்டு சப்பும் ஒரே ஆம்பில் வேண்டாம். 12 இப்போது இருக்கிறபடியே 2 ஓமில் இருக்கட்டும். 10-க்கு வேறொரு ஆம்ப். கெயின் தனி, ஃபில்டர் தனி. கையில் ஏதாவது பழைய ஆம்ப் இருக்கிறதா?

---

பேஸ்பித்தன்:

விளக்கத்துக்கு மிக்க நன்றி அண்ணா. 265, 130 கணக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பழைய 4 சேனல் ஆம்ப் ஒன்று இருக்கிறது, கிளாஸ்-ஏபி. பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டிரண்டு சேனலை ஒன்றாக்கினால், 4 ஓமில் 150 வாட் வீதம் இரண்டு. ஒரு ஜோடியை மட்டும் பிரிட்ஜ் செய்து 10-க்குப் போடலாமா? இன்னொரு ஜோடியை 12-க்குப் போட்டு மோனோபிளாக்கை விற்றுவிடலாம் என்றும் ஒரு யோசனை. பவர் வயர் இப்போது 8 கேஜ், 40 ஆம்பியர் ஃபியூஸ்.

---

ஓம்கணக்கு:

மோனோபிளாக்கை விற்க வேண்டாம். பிரிட்ஜ் செய்த ஜோடி 4 ஓமுக்குக் கீழே போகாது. 12-இல் உங்களிடம் இருப்பது 2 அல்லது 8 மட்டுமே, 4 கிடையாது. 8-இல் போட்டால் 80, 90 வாட்டுக்கு மேல் வராது. சேனலுக்கு ஒரு காயில் என்று பிரித்து மாட்டினாலும் இதே வாட்தான், கூடவே இரண்டு கெயினைச் சமமாக வைக்கும் வேலை வேறு. 10-க்கு 150 வாட் தாராளம், அதைச் செய்யுங்கள். பிரிட்ஜ் எடுக்கும் டெர்மினல் எது என்று ஆம்பின் மேலேயே கோடு போட்டுக் காட்டியிருக்கும். பெரும்பாலும் ஒரு சேனலின் ப்ளஸ், அடுத்த சேனலின் மைனஸ். ஊகித்து மாட்ட வேண்டாம்.

பவர் வயர் கட்டாயம் மாற வேண்டும். மோனோபிளாக் 500 வாட் தரும்போது, 80 சதவீதத் திறன் என்று வைத்தால் 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் 45 ஆம்பியர். பழைய ஆம்ப் கிளாஸ்-ஏபி, திறன் 55 சதவீதம் பக்கம். 150 வாட்டுக்கு 20 ஆம்பியர். மொத்தம் 65. பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்றால் 25 ஸ்கொயர் எம்எம் முழுச் செம்புக் கேபிள் போடுங்கள், இழப்பு கால் வோல்ட்டுக்குள் நிற்கும். கடையில் 4 கேஜ் என்று தருவது பலதும் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. முனையைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளை தெரிந்தால் அதுதான். அதையே போடுவதாக இருந்தால் ஒரு சைஸ் பெரியதாக.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் 80 ஆம்பியர் ஃபியூஸ். இது ஆம்பைக் காப்பாற்ற அல்ல, வழியில் கேபிள் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் வண்டி பற்றிக்கொள்ளாமல் இருக்க. ஃபயர்வால் துளையில் ரப்பர் கிராமெட் இல்லாமல் கேபிளை விடவே கூடாது. டிக்கியில் டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் வைத்து மோனோபிளாக்குக்கு 50, பழையதற்கு 30 ஆம்பியர் என்று தனி ஃபியூஸ். 40 ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதே 8 கேஜ் வயரில் 80-ஐச் சொருகுவதுதான் இதில் நடக்கும் மிக மோசமான தவறு.

எர்த் வயரும் அதே தடிமன், அரை மீட்டருக்குள். பாடித் தகட்டில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, லக் வைத்து நட்டு போல்ட்டால் இறுக்கி, மேலே துரு பிடிக்காமல் ஏதாவது பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொட வேண்டாம். இரண்டு ஆம்பின் எர்த்தும் ஒரே புள்ளியில் இருக்கட்டும், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் ஊளை உள்ளே வரும். சப்புக்குப் போகும் வயர் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் பல இழை செம்பு போதும்.

மாட்டும் முன் ஒரு 1.5 வோல்ட் பேட்டரி எடுத்து ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். 12-இல் இரண்டு காயிலில் ஒன்று மாறியிருந்தாலும் மீட்டர் அதே 1.7 ஓம்தான் காட்டும். ஆனால் ஒன்று தள்ள, மற்றது இழுக்க, சத்தம் வராது. வந்த வாட் அத்தனையும் சூடாகி காயில் கருகும். "ஓம் சரியாத்தானே இருந்தது" என்று புலம்புவார்கள் பிறகு.

கெயின்: சப் வயரைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடட்டும். ஹெட் யூனிட்டில் ஈக்வலைசர் நேர்கோடு, லவுட்னெஸ் ஆஃப், ஆம்பில் பேஸ் பூஸ்ட் பூஜ்யம். 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் டெஸ்ட் டோன். வால்யூமை நீங்கள் கேட்கும் அதிகபட்ச அளவில் வையுங்கள், 40-க்கு 30 என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் ஏசி வோல்ட்டில். மோனோபிளாக்குக்கு 400 × 2 = 800, அதன் வர்க்கமூலம் 28.3 வோல்ட். பழையதற்கு 150 × 4 = 600, 24.5 வோல்ட். அந்த எண் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் திருப்பிக்கொண்டே போனால் ஆம்பின் எல்லை வந்ததும் சத்தம் பெரிதாக ஏறாது, அலையின் தலை தட்டையாகும். தட்டையான அலை அதே உயரத்தில் இரண்டு மடங்கு வரை வாட் கொண்டுபோகும், காயில் எரிவது பெரும்பாலும் அப்படித்தான்.

லோ பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்) இரண்டிலும் 80 ஹெர்ட்ஸ்.

---

மரப்பெட்டி:

மின்சாரம் எல்லாம் சரி. டிக்கிக்குள் காற்று என்ன செய்யும் என்று யாரும் பேசவில்லையே.

தம்பி, ஒன்று போர்ட் பாக்ஸ், ஒன்று அடைத்த பாக்ஸ். ஒரே சிக்னலை இரண்டுக்கும் கொடுத்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளாது. இந்த முன்பின் வித்தியாசம்தான் ஃபேஸ், டிகிரியில் சொல்வார்கள். 80 ஹெர்ட்ஸில் வித்தியாசம் 15, 20 டிகிரி, காதுக்குத் தெரியாது. கீழே வர வர இடைவெளி அகலும். சாதாரண பாக்ஸ்களுக்குக் கணக்குப் போட்டால் 35 பக்கம் 70 டிகிரி, ட்யூனிங்குக்குக் கீழே 100-ஐத் தாண்டும். இரண்டு சப்பும் ஒரே சத்தமாக இருந்து ஒரே ஃபேஸில் தள்ளினால் 6 டெசிபல் கூடும். 90 டிகிரி விலகினால் 3. 120 டிகிரியில் பூஜ்யம், அதாவது இரண்டாவது சப் சும்மா கரண்ட் சாப்பிடுகிறது. அதற்கு மேல் விலகினால் கழித்தல்.

உங்கள் விஷயத்தில் இரண்டும் சமமும் இல்லை. 400 வாட், 150 வாட், அதிலேயே 4 டெசிபல் போச்சு. 35, 40 ஹெர்ட்ஸில் போர்ட்டின் துணை 12-க்கு மட்டும். அங்கே 10 சுலபமாக 10 டெசிபல் பின்தங்கும். 10 டெசிபல் குறைவான சப் மிகச் சரியான ஃபேஸில் இருந்தால் கூட்டுவது 2.4 டெசிபல்தான். நேர் எதிராக இருந்தால் குறைப்பது 3.3. கிடைக்கக்கூடிய லாபத்தை விடப் போகக்கூடிய நஷ்டம் பெரியது. தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

செய்வதாக இருந்தால் அளந்து பாருங்கள். 30, 35, 40, 50, 63, 80 ஹெர்ட்ஸ் டோன்கள். ஃபோனில் ஒரு டெசிபல் மீட்டர், டிரைவர் சீட் தலைப்பக்கம் அசையாமல் வைத்து, கதவு, டிக்கி எல்லாம் மூடி. ஃபோன் மைக் கீழ் ஸ்தாயியைக் குறைத்துத்தான் காட்டும். பரவாயில்லை, நமக்கு ஒப்பீடுதான் வேண்டும். ஒவ்வொரு டோனுக்கும் மூன்று எண்: 12 மட்டும், 10 மட்டும், இரண்டும். "இரண்டும்" என்ற எண் "12 மட்டும்" என்பதை விடக் குறைந்தால் அந்த இடத்தில் சண்டை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இரண்டையும் ஒரே பாக்ஸில் தடுப்பு இல்லாமல் போடுவது. பெரியதன் காற்றழுத்தம் சின்னதன் கோனை ஆட்டிவைக்கும்.

---

டிக்கிக்கச்சேரி:

1.33 விஷயத்துல நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். பள்ளம் ட்யூனிங்லயே விழும்கறது தெரியாது. அந்த போஸ்டை நம்பி யாரும் மாட்டிடாதீங்க.

---

பேஸ்பித்தன்:

கேபிள், ஃபியூஸ், கெயின் எல்லாம் சொன்னபடி முடிந்தது. பேட்டரி டெஸ்டில் மூன்று காயிலும் சரி. மோனோபிளாக்கில் சப்சோனிக் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்) 28 ஹெர்ட்ஸ். பழைய 4 சேனலில் அந்த வசதி இல்லை. அளந்தது, 12 மட்டும் ஓடும்போது வருவதோடு ஒப்பிட்டு:

35-இல் 2 டெசிபல் குறைகிறது. 40-இல் 1 குறைகிறது. 50-இல் 1 கூடுகிறது. 63, 80-இல் 3 கூடுகிறது.

10-இன் ப்ளஸ் மைனஸை மாற்றிப் பார்த்தேன். 35 சரியாகிறது, ஆனால் 63, 80 படுத்துவிடுகிறது. வயரிங்கில் எங்கே தப்பு?

---

மரப்பெட்டி:

வயரிங்கில் தப்பே இல்லை. சப்சோனிக் ஃபில்டர்தான்.

அது 28-க்குக் கீழே வெட்டுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதற்கு மேலேயும் ஃபேஸைத் திருப்பும். 12 டெசிபல் சரிவுள்ள ஃபில்டர் என்று வைத்துக்கொண்டால் 35 ஹெர்ட்ஸில் சுமார் 70 டிகிரி. 24 டெசிபல் சரிவாக இருந்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அது ஒரு ஆம்பில் மட்டும் இருக்கிறது. பாக்ஸ் வித்தியாசம் 70, இது 70, சேர்த்து 140. கழித்தல் மண்டலத்துக்குப் போய்விட்டது. 80-இல் இதே கணக்கு 45, 50 டிகிரிதான் வரும், அதனால் அங்கே கூடுகிறது. ப்ளஸ் மைனஸ் மாற்றுவது எல்லா ஹெர்ட்ஸையும் ஒரேயடியாக 180 திருப்புகிறது. தலைக்கு இழுத்தால் காலுக்கு எட்டாத போர்வை.

சோதித்துப் பார்க்க: கெயினைக் குறைத்துக்கொண்டு சப்சோனிக்கை ஆஃப் செய்து 35-ஐ மட்டும் அளங்கள். கழிப்பது நின்று 1 டெசிபல் கூடினால் காரணம் உறுதி. அப்படியே பாட்டு ஓட்ட வேண்டாம். போர்ட் பாக்ஸில் ட்யூனிங்குக்குக் கீழே கோனைப் பிடிக்க உள்ளே காற்றழுத்தம் இருக்காது, 25 ஹெர்ட்ஸ் ஒன்று வந்தால் காயில் பின்தகட்டில் போய் இடிக்கும்.

இரண்டு வழி. ஒன்று, 10-க்கும் அதே 28 ஹெர்ட்ஸ், அதே சரிவு சப்சோனிக் உள்ள ஆம்ப் அல்லது டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி). 4 சேனலில் இருக்கும் ஹை பாஸ் உதவாது, பெரும்பாலும் 40, 50-க்கு மேல்தான் தொடங்கும். இரண்டாவது, 12-இன் போர்ட்டுக்குள் ஒரு தேங்காய்ப்பூத் துண்டைச் சுருட்டி இறுக்கமாக அடைத்து, சப்சோனிக்கையும் அணைத்துவிடுவது. இப்போது இரண்டும் அடைத்த பாக்ஸ், ஃபேஸ் ஓரளவு ஒட்டி வரும். ஆனால் 35-இல் போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தது போய்விடும். கோன் ஆட்டமும் கூடும், கெயினைக் குறைத்தே தொடங்குங்கள்.

அதற்கும் முன் 10-ஐ வெளியே எடுத்துவிட்டு இன்னொன்றைப் பாருங்கள். இப்போது 12-இன் பாக்ஸ் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது?

---

பேஸ்பித்தன்:

சப்சோனிக் ஆஃப் செய்ததும் 35-இல் 1 டெசிபல் கூடியது. நீங்கள் சொன்னதேதான் காரணம்.

12 மேல்நோக்கி இருக்கிறது, போர்ட் முன் சீட் பக்கம். 10-க்கு இடம் வேண்டும் என்று அப்படித் திருப்பி வைத்தது.

---

மரப்பெட்டி:

10 இல்லையென்றால் அந்த நெருக்கடியும் இல்லையே. கோனும் போர்ட்டும் டிக்கிக் கதவைப் பார்க்கிற மாதிரி திருப்புங்கள். கதவுக்கும் போர்ட்டுக்கும் நடுவே 15 முதல் 20 சென்டிமீட்டர். போர்ட்டின் வாயை மறைத்து எதையும் வைக்க வேண்டாம், ட்யூனிங் இறங்கிவிடும். சப்சோனிக் மறுபடி 28. அதே ஆறு டோன்.

---

பேஸ்பித்தன்:

திருப்பி வைத்து அளந்தேன், 12 மட்டும். பழைய நிலையோடு ஒப்பிட்டால் 35-இல் 2 டெசிபல், 40-இல் 3, 50-இல் 2 கூடியிருக்கிறது. 80-இல் மாற்றம் இல்லை. டிக்கிக் கதவின் நம்பர் பிளேட் கடகடக்கிறது, அதற்குப் பின்னால் பஞ்சு டேப் ஒட்ட வேண்டும்.

10 இன்ச்சைப் பாக்ஸோடு விற்பனைப் பகுதியில் போட்டிருக்கிறேன்.